எந்த நொடியில் உடைகிறது? டிராக் பந்தயக் கார்களும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும்

டிராக் பந்தயக் காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உடைந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் பலரும் கேட்பது, “இன்ஜின் எத்தனை குதிரைத்திறன்?” என்றுதான். எண் பெரிதாக இருந்தால், பாகம் தாங்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்னும் தடித்த ஷாஃப்ட், இன்னும் விலை கூடிய டிரம் வாங்கி மாட்டுகிறார்கள். சில மாதங்களில் அதே பெட்டி மறுபடியும் பட்டறை மேசைக்கு வந்து சேருகிறது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அது எந்த நொடியில் உடைந்தது? பெட்டிக்குள் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், முழு விசை ஏறி நிற்கும் நேரத்தைவிட, அந்த விசை சட்டென்று விலகும் நேரமும் விலகிவிட்டுத் திரும்பும் நேரமும்தான் ஆபத்தானவை என்று தெரியவருகிறது. அதற்கு அடுத்த இடம் வெப்பத்துக்கும் ஆயில் அழுத்தத்துக்கும். பாகத்தின் வலிமை அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது.

டிராக் பந்தயம் அமெரிக்காவில் வளர்ந்த விளையாட்டு. நேர்க்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர். பல ஊர்களில் அதில் பாதியான 201 மீட்டர். இரண்டு கார்கள் நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, யார் முதலில் கோட்டைத் தொடுகிறார் என்று பார்ப்பது. 1951இல் வாலி பார்க்ஸ் தொடங்கிய என்.எச்.ஆர்.ஏ. அமைப்புதான் இதற்கு விதிகளையும் வகுப்புகளையும் கொடுத்தது. அந்தக் காலத்தில் பந்தயக்காரர் என்றால் கிளட்ச் மிதித்துக் கையால் கியர் மாற்றுபவர்; ஆட்டோமேட்டிக் என்பது குடும்பக் காருக்கு. இந்த எண்ணத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர்கள் கலிஃபோர்னியாவின் பி அண்டு எம் பட்டறைக்காரர்கள். 1953இல் தொடங்கிய அந்தப் பட்டறை, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலோடு அறிமுகமான நான்கு வேக ஹைட்ராமேட்டிக் பெட்டியைப் பந்தயத்துக்கு ஏற்றதாகத் திருத்திக் கொடுத்தது. 1960களின் தொடக்கத்தில் கிரைஸ்லர் நிறுவனப் பொறியாளர்கள் சேர்ந்து நடத்திய ராம்சார்ஜர்ஸ் குழு, பொத்தானை அழுத்திக் கியர் மாற்றும் டார்க்ஃப்ளைட் பெட்டியோடு ஓடி, கைக்கியர் கார்களை வென்று காட்டியது.

வென்றதற்குக் காரணம் எளிது. புறப்படும்போது, இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஆயில் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர், இன்ஜினின் முறுக்குவிசையைப் பெருக்கிக் கொடுக்கிறது. கியர் மாறும்போது விசை அறுபடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டத்துக்கு ஓட்டம் நேரம் மாறாமல் வருகிறது. ஓட்டுநர் தன் கார் எடுக்கும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டு ஓடும் பிராக்கெட் பந்தயத்தில் அந்த நிலைத்தன்மைதான் வெற்றியைத் தருகிறது.

இன்றும் பந்தயப் பட்டறைகளில் அதிகம் காணப்படும் பெட்டிகள் எல்லாம் குடும்பக் காருக்காகப் பிறந்தவைதான். செவ்ரோலேயின் இரண்டு வேக பவர்கிளைடு 1950இல் வந்து 1973இல் உற்பத்தி நின்றது. கிரைஸ்லரின் 727 வந்தது 1962இல். ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ 400 வந்தது 1964இல். ஃபோர்டுக்கு சி4, சி6. அலுவலகத்துக்கும் கடைக்கும் போய்வர வடிவமைத்த பெட்டியில் அதைப்போலப் பல மடங்கு விசையை ஏற்றி ஓட்டுகிறோம் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது? நடுவில் சூரியப் பல்சக்கரம், அதைச் சுற்றிவரும் கோள் பல்சக்கரங்கள், வெளியே வளையம். இவற்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்தி இன்னொன்றைச் சுழற்றினால் ஒரு கியர். பிடிக்கும் இடத்தை மாற்றினால் வேறு கியர். பிடிப்பதற்கு மூன்று கருவிகள். ஒன்று, ஆயில் அழுத்தத்தில் நெருக்கும் கிளட்ச் பிளேட்டுகள். இரண்டு, டிரம்மைச் சுற்றி இறுக்கும் பேண்டு. மூன்றாவது ஸ்ப்ராக் எனப்படும் ஒருவழிப் பிடிப்பான். சைக்கிளின் பின்சக்கர ஃப்ரீவீலை நினைத்துக்கொள்ளுங்கள்: முன்னால் மிதித்தால் பிடிக்கும், பின்னால் சுற்றினால் விட்டுவிடும். ஸ்ப்ராக் செய்வதும் அதே வேலைதான்.

727 பெட்டியின் பெயர்பெற்ற பலவீனம் இந்த மூன்றாவது கருவியில் இருக்கிறது. முதல் கியரில் பின்புறக் கோள் சட்டத்தைப் பிடித்து நிறுத்துவது உருளைகள் கொண்ட ஒருவழிப் பிடிப்பான். சக்கரம் வழுக்கிச் சுழன்று, பிறகு சட்டென்று தரையைப் பற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். விசை ஒரு கணம் விலகுகிறது, உருளைகள் தளர்கின்றன, அடுத்த கணம் முழு விசையும் சம்மட்டி அடிபோல் அவற்றின்மேல் விழுகிறது. இப்படி நாலைந்து அடி விழுந்தால் உருளைகள் புரண்டுவிடலாம், வெளிவளையம் உறைக்குள் நழுவிவிடலாம். அப்படி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை எண்களில் பார்ப்போம். இந்தப் பெட்டியின் முதல் கியர் விகிதம் 2.45. இன்ஜின் பக்கம் நிமிடத்துக்கு 6,500 சுற்று ஓடும்போது, சூரியப் பல்சக்கரமும் அதோடு பிணைந்த முன் டிரம்மும் வழக்கமாக ஏறக்குறைய 5,900 சுற்று எதிர்த்திசையில் ஓடும். கார் நகரத் தொடங்கும் நொடியில் ஸ்ப்ராக் கைவிட்டால், பல்சக்கரக் கணக்குப்படி அதே டிரம் 14,400 சுற்றை எட்டும். வேகம் இரண்டரை மடங்கு என்றால், டிரம்மைப் பிய்க்கும் மையவிலக்கு விசை ஆறு மடங்கு. தொழிற்சாலையிலிருந்து வந்த வார்ப்பு டிரம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. அது வெடித்தால் அலுமினிய உறையைக் கிழித்துக்கொண்டு, ஓட்டுநர் கால் வைத்திருக்கும் தளத்தை நோக்கித் துண்டுகள் பறக்கும்.

இதைத் தடுக்கப் பாகங்கள் உண்டு. வெளிவளையத்தை உறையோடு போல்ட் போட்டு இறுக்கும் ஸ்ப்ராக், முழு எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த முன் டிரம், முதல் கியரில் பின் பேண்டையும் சேர்த்து இறுக்கி ஸ்ப்ராக்கின் சுமையைப் பகிரும்படி ஆயிலை அனுப்பும் வால்வ் பாடி. மூன்றுமே வாங்கத் தகுந்தவை. ஆனால் காசே செலவில்லாத ஒரு தடுப்பும் இருக்கிறது. டயரைச் சூடாக்கத் தண்ணீரில் வைத்துச் சுழற்றும் பர்ன்அவுட்டின்போது, முதல் கியரைச் சக்கரம் சுழலத் தொடங்குவதற்கு மட்டும் பயன்படுத்தி, உடனே மேல் கியருக்குப் போய்விட வேண்டும். இரண்டாம் கியரில் அந்த முன் டிரம்மைப் பேண்டு பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. நிற்கும் டிரம் வெடிக்காது. முதல் கியரிலேயே கத்தவிட்டு, உலர்ந்த தரையில் டயர் பற்றும் நேரத்தில் காலை எடுப்பதும் மறுபடி மிதிப்பதும்தான் பெட்டியைக் கொல்லும் பழக்கம்.

பவர்கிளைடில் முதல் கியருக்கு ஸ்ப்ராக் கிடையாது, பேண்டுதான் பிடிக்கிறது. ஒரே ஒரு கியர் மாற்றம், குறைந்த பாகங்கள், குறைந்த எடை. அதனால்தான் நிறுத்தப்பட்டு அரை நூற்றாண்டு ஆன பிறகும் அதன் வடிவமைப்பில் புதிய உறை, புதிய ஷாஃப்ட் என்று பாகங்கள் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் அதற்கும் ஒரு கொடிய நொடி உண்டு. அது ஓட்டம் முடிந்த பிறகு வருகிறது.

கோட்டைத் தாண்டியதும் இன்ஜினுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று சிலர் நெம்புகோலை நியூட்ரலுக்குத் தள்ளுகிறார்கள். சாலையில் ஓட்டிப் பழகிய கைக்கு அது தவறாகத் தோன்றாது. கணக்கோ வேறு சொல்கிறது. பின்புறத் தண்டு இன்னும் 7,000 சுற்றில் ஓடுகிறது. இன்ஜின் 1,500க்கு இறங்கிவிட்டது. கிளட்ச்சும் பேண்டும் எதையும் பிடிக்காத நிலையில், 1.76 விகிதப் பல்சக்கரத் தொகுதியில், கிளட்ச் டிரம்மின் வேகம் ஏறக்குறைய 14,200க்கு ஏறுகிறது. மேல் கியரில் அது 7,000தான் ஓடிக்கொண்டிருந்தது. இரட்டை வேகம், நான்கு மடங்கு விசை. காரில் விசையே இல்லாத, ஓட்டுநர் பெருமூச்சு விடும் நேரத்தில் டிரம் சிதறுகிறது. கார் வேகம் நன்றாகத் தணியும்வரை மேல் கியரிலேயே விட்டுவைப்பது ஒன்றே இதற்கு மருந்து. புதிதாக ஓட்ட வருபவரிடம் வேறெதையும் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

விசை விலகுவதற்குப் பெட்டிக்கு வெளியிலும் காரணங்கள் உண்டு. டிரைவ் ஷாஃப்ட்டின் குறுக்கு மூட்டு உடைந்தால் சுமை முழுவதும் ஒரே கணத்தில் போய்விடும். இன்ஜினும் அதோடு சேர்ந்த சுழல் பாகங்களும் கட்டற்று ஏறும். பின் அச்சு குதித்துக் குதித்துப் புறப்படும் காரில் ஒவ்வொரு குதிப்பும் பெட்டிக்கு ஒரு அடி. ஆக, குறுக்கு மூட்டையும் சஸ்பென்ஷனையும் சரிபார்ப்பதும், சுற்று வேகத்துக்கு எல்லை கட்டும் மின்னணுக் கருவியைச் சரியாக அமைப்பதும் கியர்பாக்ஸ் பராமரிப்பில் சேர்ந்தவையே. பட்டறைகளில் இதை யாரும் கியர்பாக்ஸ் கணக்கில் எழுதுவதில்லை, எழுத வேண்டும்.

அடுத்தது வெப்பம். டிரான்ஸ்பிரேக் என்ற கருவி முதல் கியரையும் ரிவர்ஸையும் ஒரே நேரத்தில் பிடிக்கச் செய்து பெட்டியைப் பூட்டிவிடுகிறது. ஓட்டுநர் பொத்தானை அழுத்திக்கொண்டு இன்ஜினை முழு வேகத்துக்கு ஏற்றி நிற்கிறார். விளக்கு மாறியதும் பொத்தானை விட, கார் பாய்கிறது. நிற்கும் அந்த ஓரிரு வினாடிகளில் இன்ஜின் தரும் திறன் முழுவதும் கன்வர்ட்டருக்குள் ஆயிலைக் கடைந்து வெப்பமாக மாறுகிறது. 300 குதிரைத்திறன் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் அது சுமார் 220 கிலோவாட். பெட்டியிலுள்ள 8 லிட்டர் ஆயிலுக்கும் அது சமமாகப் பரவுகிறது என்று வைத்தால்கூட, வினாடிக்கு 15 டிகிரி சூடேறும். உண்மையில் கன்வர்ட்டருக்குள் இருக்கும் ஆயில் மட்டும்தான் முதலில் அதை வாங்குகிறது; அங்கே ஏற்றம் இன்னும் கடுமை.

இந்தத் தொழிலில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு கைக்கணக்கு உண்டு. ஆயில் 80 டிகிரி செல்சியஸில் ஓடினால் அதன் ஆயுள் முழுமை. அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். 115 டிகிரியில் அரக்குப்போன்ற படிவு உண்டாகிறது. 127இல் ரப்பர் சீல்கள் கெட்டிப்படத் தொடங்குகின்றன. 146இல் பிளேட்டுகள் வழுக்குகின்றன. துல்லியமான விதி என்று இதைக் கொள்ள வேண்டாம். திசையைக் காட்டும் அளவுக்கு நம்பலாம். சீல் கெட்டிப்பட்டால் அழுத்தம் கசியும், அழுத்தம் கசிந்தால் பிளேட்டு வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடேறும். ஒரு பந்தய நாளில் சுற்றுகள் நெருங்கிவரும்போது, ஆறாத பெட்டியோடு அடுத்த சுற்றுக்கு வரிசையில் நிற்பதால்தான் இறுதிச் சுற்றுகளில் பெட்டிகள் போகின்றன. விசிறி வைத்த தனி ஆயில் கூலரும், ஓட்டுநர் கண்ணில் படும் வெப்பமானியும் அலங்காரப் பொருள்கள் அல்ல. டிரான்ஸ்பிரேக்கில் தேவைக்கு மேல் ஒரு வினாடிகூட நிற்கக் கூடாது. அந்தப் பொத்தான் முதல் கியரில் மட்டும் வேலை செய்யும்படி வயரிங் அமைவதும் முக்கியம். ஓடும்போது தவறி விரல் பட்டால் விளைவு பயங்கரம்.

அழுத்தத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிளேட்டையும் பேண்டையும் பிடிக்கும் கை ஆயில்தான். கார் பாயும்போது, பெட்டியின் அடித்தட்டான பானில் உள்ள ஆயில் பின்பக்கம் ஒதுங்குகிறது. கோட்டைத் தாண்டிப் பிரேக் போட்டால் முன்பக்கம் ஓடுகிறது. உறிஞ்சும் வாய் ஒரு கணம் காற்றை இழுத்தாலும் அழுத்தம் விழும், பிடி தளரும், பிளேட்டு கருகும். ஆழமான பான் இதற்காகத்தான். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றுவதும் இதே கெடுதலைச் செய்யும்: சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரைத்த ஆயில் அளவுகோல் குழாய் வழியே வெளியே வந்து சூடான எக்ஸாஸ்ட் குழாயில் விழுந்தால் தீ. டயரில் பட்டால் கார் திசை மாறும். பழைய 727இல் இன்னொரு சங்கதி: பார்க் நிலையில் கன்வர்ட்டருக்கும் உயவுக்கும் ஆயில் போவதில்லை. அதைச் சூடேற்றும்போது சக்கரத்துக்குத் தடை வைத்து நியூட்ரலில்தான் ஓடவிட வேண்டும். ஆயில் அளவு பார்ப்பதும் நியூட்ரலில்தான்.

எந்த ஆயில் என்ற வாதம் முடிவற்றது. டைப் எஃப் ஆயிலில் உராய்வைத் தணிக்கும் சேர்மானம் இல்லாததால் பிளேட்டு சட்டென்று பிடிக்கும் என்று பலர் அதையே ஊற்றுகிறார்கள். பெட்டியைக் கட்டியவர் சொன்ன ஆயிலை ஊற்றி, கலக்காமல், அடிக்கடி மாற்றுவது போதும். இதில் அதற்கு மேல் சண்டைக்கு இடமில்லை.

ஓடிய பிறகு உடைவதைப் பற்றியே பேசுகிறோம். பல பெட்டிகள் ஓடுவதற்கு முன்பே, பொருத்தும் அன்றே பாழாகின்றன. கன்வர்ட்டரைப் பெட்டிக்குள் ஏற்றும்போது அது மூன்று படிகளாக உட்கார வேண்டும். உள்ளே வரும் ஷாஃப்ட்டின் பல்லில் ஒருமுறை, ஸ்டேட்டரைத் தாங்கும் குழாயின் பல்லில் ஒருமுறை, பம்பின் பல்சக்கரத்தில் ஒருமுறை. இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகச் சுற்றிக்கொண்டே தள்ளினால், ஒவ்வொரு படியிலும் ‘டொக்’ என்று ஒரு சிறு இறக்கம் விரலுக்குத் தெரியும். மூன்றாவது இறக்கம் வராமல் பெட்டியை இன்ஜினோடு சேர்த்து, இடைவெளி இருக்கிறதே என்று போல்ட்டால் இழுத்து இறுக்கினால், பம்பு அங்கேயே நொறுங்கும். சரியாக அமர்ந்ததற்கு ஒரு சோதனை உண்டு. பெட்டியின் வாய் இன்ஜின் முகத்தோடு கையாலேயே ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு, கன்வர்ட்டருக்கும், அதை இன்ஜினோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் நடுவே பொதுவாக 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். குறைந்தால் பம்பும் கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்கும் நெரிபடும். கூடினால் பம்பின் பல்லில் பிடி போதாது. இன்ஜினின் பின்முகத்தில் இருக்க வேண்டிய இரண்டு டவல் பின்களையும் பாருங்கள். விரல் நுனி அளவுள்ள அந்த இரும்புத் துண்டுகள் தொலைந்திருந்தால் பெட்டி மையம் விலகி நிற்கும். கன்வர்ட்டரின் கழுத்து பம்பின் புஷ்ஷை ஒவ்வொரு சுற்றிலும் அரைக்கும். விலை உயர்ந்த பெட்டிகள் இந்தச் சில்லறைப் பொருள் இல்லாமல் செத்திருக்கின்றன.

பெட்டியைக் கட்டும்போது வால்வ் பாடியைப் பூட்டுமுன், ஆயில் வழிகளில் காற்றைச் செலுத்திக் கேட்பது இன்னொரு நல்ல பழக்கம். பிஸ்டன் சரியாக இருந்தால் ‘தப்’ என்று ஒரு உறுதியான சத்தம். சீறல் மட்டும் கேட்டால் சீல் போய்விட்டது, அல்லது மாட்டும்போது உதடு மடிந்துவிட்டது.

உடையப் போகும் பெட்டி பெரும்பாலும் முன்பே சொல்லிவிடுகிறது. பானைக் கழற்றி, ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். சிவப்பு மங்கிப் பழுப்பேறிக் கருகல் வாடை அடித்தால் பிளேட்டு வழுக்கியிருக்கிறது. பான் அடியில் கரும்பொடி கொஞ்சம் படிவது இயல்பு. திட்டுத்திட்டாகச் சேர்ந்திருந்தால் பிளேட்டின் மேற்பூச்சு உரிகிறது. காந்தத்தில் ஒட்டும் மினுக்கு எஃகு. ஒட்டாத வெள்ளி மினுக்கு அலுமினியம், அதாவது உறையோ பம்போ தேய்கிறது. செம்பொன் நிறத் தூள் புஷ் அல்லது வாஷர். எத்தனை ஓட்டம் ஓடியது, ஆயில் எத்தனை டிகிரி தொட்டது, கியர் மாறும்போது அழுத்தமானி எவ்வளவு காட்டியது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பவருக்கு, மானி வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறங்கிக் காட்டும் நாளே எச்சரிக்கை நாள். எழுதாதவருக்கு அது வெறும் எண்.

இத்தனை செய்தும் சில உடையும். அப்போது ஓட்டுநருக்கும் எஃகுத் துண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. 1970 மார்ச் 8 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே லயன்ஸ் பந்தயத் தடத்தில், பந்தய ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் புறப்பட்ட நொடியில் அவருடைய டிராக்ஸ்டரின் இரண்டு வேகப் பெட்டி வெடித்தது. அது கன்வர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக் அல்ல. ஆனால் சுழலும் எஃகு சிதறினால் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. கார் இரண்டாக அறுந்தது. அவருடைய வலது பாதத்தின் முன்பகுதி போய்விட்டது. இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும் காரை அதன் பிறகு கட்டினார். 1971இல் அதே காரோடு பொமோனாவில் விண்டர்நேஷனல்ஸ் பந்தயத்தை வென்றார். சில ஆண்டுகளுக்குள் உச்ச வகுப்பான டாப் ஃப்யூயலில் முன்னால் இன்ஜின் வைத்த கார்கள் மறைந்தே போயின.

சாலைக் கார் வடிவில் ஓடும் ஆட்டோமேட்டிக் கார்களில் இன்ஜின் ஓட்டுநருக்கு முன்னால் இருப்பதே இன்றும் வழக்கம். பெட்டி அவருடைய பாதத்துக்குப் பக்கத்தில்தான் சுழல்கிறது. அதனால்தான் வேகம் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிய கார்களுக்கு என்.எச்.ஆர்.ஏ. பாதுகாப்புத் தரங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறது: பெட்டியைச் சுற்றும் கவசத்துக்கு எஸ்.எஃப்.ஐ. என்ற தர அமைப்பின் 4.1, ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கு 29.1, அதைச் சுற்றும் கவசத்துக்கு 30.1. தவறி ரிவர்ஸில் விழாமல் தடுக்கும் பூட்டும், கியரில் இருக்கும்போது இன்ஜின் கிளம்பாமல் தடுக்கும் சுவிட்சும் அதே விதிகளில் சேர்ந்தவை.

கையில் இருக்கும் பணத்துக்கு வரிசை போடச் சொன்னால் நான் இப்படிப் போடுவேன். முதலில் பெட்டிக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் கவசம். அடுத்து வெப்பமானி, அழுத்தமானி, கூலர். பிறகு நல்ல டிரம்மும் ஸ்ப்ராக்கும். மிச்சம் இருந்தால் தடித்த ஷாஃப்ட். உங்கள் காரின் வேகம் விதியின் எல்லையை இன்னும் தொடவில்லை என்றாலும் கவசம் இல்லாமல் அதைக் கோட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கவசம் காரை ஓர் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகூட வேகமாக்காது; ஆனாலும் முதலில் அதையே வாங்குங்கள்.